ஜேபெக் போதும்

படத்தை 'ரா' (RAW) ஃபார்மட்டில் எடுத்தால் நிறத்தைப் பிறகு இஷ்டத்துக்கு மாற்றலாம். ஜேபெக்கில் அவ்வளவு முடியாது. ஷெரினுக்கு இன்று அந்த முடியாமைதான் வேண்டியிருந்தது. கேமராவை ஜேபெக்குக்கு மாற்றினாள்.

"என்ன சேச்சி, ஜேபெக்ல எடுத்தா கையை ஒடிப்பேன்னு மிரட்டினது நீங்கதானே?" கூட வேலை பார்க்கும் டிஜோ சிரித்தான்.

"இன்னைக்கு மட்டும்டா."

சர்ச் வாசலில் மாப்பிள்ளையின் அம்மா நெருங்கி வந்தாள். "மோளே, நீ படமெடுத்த கல்யாணப் பொண்ணுங்களை எல்லாம் வெளுப்பாக்கினியே, இன்னைக்கும் ஆக்கிடு. ஆல்பத்தைச் சொந்தமெல்லாம் பார்க்கும்."

ஷெரின் கேமராவை டிஜோவிடம் கொடுத்தாள். தன் கல்யாணப் புடவையின் முந்தானையைச் சரிசெய்துகொண்டு மாப்பிள்ளையின் பக்கத்தில் போய் நின்றாள்.

"இந்த நிறத்தைப் பார்த்துத்தான் உங்க மகன் சம்மதிச்சார், அம்மச்சி. இப்படியே இருக்கட்டும்."