ப.மி.வா.

"எல்லாம் வெளங்குது சார். இந்தப் ப.மி.வா. மட்டும் என்னன்னு தெரியல," என்றாள் பரிபூரணம்.

வைகுண்டராஜ் வாயில் உப்புமா இருந்தது. நல்லவேளை, வாயில் உப்புமா இருக்கிறவரிடம் யாரும் உடனே பதில் எதிர்பார்க்க மாட்டார்கள்.

மெதுவாக மென்றார். கிள்ளிப்போட்ட மிளகாய் வத்தல் ஒன்று பல்லில் அகப்பட்டது, அதையும் விடாமல் மென்றார். உப்புமாவை அவ்வளவு நேரம் மென்ற ஆள் ராஜபாளையத்தில் அதற்கு முன் இருந்திருக்க முடியாது.

எண்பத்தேழாம் வருஷம், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். அவர் வீட்டு முன்னறையில் சிற்றலை வானொலி நேயர் மன்றத்தின் மாதக் கூட்டம் நடந்துகொண்டிருந்தது. எங்கோ கடலுக்கு அப்பால் இருக்கிற நிலையங்களை இரைச்சலுக்கு நடுவே பிடித்துக் கேட்பது, எப்படிக் கேட்டது என்று அறிக்கை எழுதுவது, இதுதான் மன்றத்தாரின் பொழுதுபோக்கு. நூல் மில் கிளார்க்கான வைகுண்டராஜ்தான் தலைவர்.

மன்றத்துக்குள் மனுஷப் பேச்சுக்கு இடமில்லை. இரைச்சலுக்கு க்யூ.ஆர்.என்., நிலையத்தார் அனுப்பும் அட்டைக்கு க்யூ.எஸ்.எல்., வணக்கத்துக்கு எழுபத்துமூன்று.

இதெல்லாம் தெரியாதவருக்கு உறுப்பினர் அட்டை கிடையாது என்று சட்டம் போட்டதே தலைவர்தான். போன வருஷம் சேத்தூர் பேச்சிமுத்து, "எழுபத்துமூணுன்னா என்ன?" என்று கேட்ட பாவத்துக்கு, உப்புமாகூடச் சாப்பிடாமல் பஸ் ஏறினார்.

இன்றைக்குச் சேர வந்திருக்கும் பரிபூரணமோ க்யூ எல்லாவற்றையும் கடகடவென்று ஒப்பித்துவிட்டாள். ஸ்ரீவில்லிபுத்தூர் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் டிரங்க் கால் போட்டுக் கொடுக்கிற வேலை அவளுக்கு. லைனில் நாலு பேர் கத்தினாலும் ஐந்தாவது ஆள் முனகுவதைத் தனியாகப் பிரித்துக் கேட்டுவிடுவாள்.

தலைவரின் சங்கடம் இதுதான்: ப.மி.வா. என்றால் என்னவென்று அவருக்கும் தெரியாது.

மூன்று வருஷத்துக்கு முன்னால், மன்ற இதழில் அவர் எழுதிய அறிக்கையின் கடைசியில் அந்த மூன்று எழுத்தும் அச்சாகி வந்தன. அவர் எழுதவில்லை. டைப் அடிக்கிற செயலர் கண்ணுச்சாமி ஏதோ புதுக் குறி சேர்த்திருக்கிறார் என்று நினைத்தார். கேட்டால் தலைவருக்குத் தெரியாது என்று ஆகிவிடும். கேட்கவில்லை.

அடுத்த மாதத்திலிருந்து எல்லாரும் எழுத ஆரம்பித்துவிட்டார்கள். வன்னியம்பட்டியில் ப.மி.வா. சுமார். தேவதானத்தில் மழைக்குப் பிறகு ப.மி.வா. அமோகம். கோடையில் ப.மி.வா. சுத்தமாகவே இல்லை என்று ஒருவர் ரொம்ப வருத்தப்பட்டிருந்தார்.

உப்புமா தீர்ந்துவிட்டது.

"செயலர் சொல்லுவார்," என்றார் வைகுண்டராஜ்.

"தலைவரை வச்சுக்கிட்டு நான் சொன்னா நல்லாவா இருக்கும்?" என்று சொல்லிவிட்டுக் கண்ணுச்சாமி மின்விசிறியைப் பார்த்தார். அதற்கு நேர் கீழே உட்கார்ந்திருந்தும் அவர் நெற்றி வேர்த்திருந்தது.

வைகுண்டராஜுக்கு விஷயம் புரிந்துவிட்டது. இவருக்கும் தெரியாது. தலைவர் கொடுத்த தாளில் இருந்ததைத்தான் மனுஷன் டைப் அடித்திருக்கிறார்.

விக்கல் வந்தவர்போல எழுந்து, தட்டோடு அடுப்படிக்குள் போனார்.

அங்கே அவர் மனைவி நாச்சியார் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"ஏட்டி, இங்க மானம் போவுது, உனக்குச் சிரிப்பா வருதா?" என்றார், அடித்தொண்டையில்.

அவளும் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "நீங்கதான சொன்னிய, மன்றத் தலைவர் வீட்டுல கதை கதையா எழுதாத, எதையும் சுருக்கமா எழுதுன்னு. மேசையில உங்க தாள் கெடந்துச்சு. அடியில சுருக்கமா எழுதி வச்சேன். பச்ச மிளகா வாங்கவும்."

வைகுண்டராஜ் கையிலிருந்த தட்டைப் பார்த்தார். ஓரத்தில் இன்னொரு வத்தல் கிடந்தது. மூன்று வருஷமாக இந்த வீட்டு உப்புமாவில் வத்தல்தான். ஏன் என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை.

"அதுக்குப் பொறவு ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"

"ஒருக்க எழுதியாச்சு. இன்னொருக்க எதுக்கு?"

அவருக்கு வெட்கமாக இருந்தது. கூடவே சிரிப்பும் முட்டிக்கொண்டு வந்தது. தலைவராக இருப்பதால் சிரிப்பை விழுங்கிக்கொண்டு முன்னறைக்கு வந்தார்.

"அது முதிர்ந்த நேயர்களுக்கான குறிம்மா. போகப் போகத் தானா வெளங்கும்," என்று சொல்லி, அந்த இடத்திலேயே உறுப்பினர் அட்டையை எழுதி நீட்டினார். கண்ணுச்சாமி பெருமூச்சு விட்டது வாசல்வரை கேட்டிருக்கும்.

பரிபூரணம் இரண்டு கையாலும் அட்டையை வாங்கிக்கொண்டாள். வேறு கேள்வி எதுவும் கேட்கவில்லை. உதட்டை மட்டும் இறுக்கிப் பிடித்திருந்தாள்.

எல்லாரும் போன பிறகு வைகுண்டராஜ் மஞ்சப்பையை எடுத்துக்கொண்டு மார்க்கெட்டுக்கு நடந்தார்.

அடுத்த மாத இதழில் புது உறுப்பினரின் முதல் அறிக்கை வந்திருந்தது.

"ஒலி மிகவும் மெலிவு, நடுவே சுவர் வேறு. இருந்தும் ஒரு சொல் விடாமல் கேட்டது. ப.மி.வா. கால் கிலோ. 73."

கண்ணுச்சாமி அதை ஓர் எழுத்துக்கூட மாற்றாமல் டைப் அடித்திருந்தார்.

அதற்கடுத்த மாதம், தேவதானத்தில் ப.மி.வா. அரைக் கிலோ.