அதிகம் ஓட்டப்போவது யார்?

கிட்டே வாருங்கள் கண்ணுகளா, ஒரு சின்னக் காட்சி சொல்கிறேன். வேல்ஸ் பள்ளத்தாக்கில் மழை விடாத மாலை. நேற்றுத்தான் ஓட்டுநர் உரிமம் பெற்ற எலெரி, மடிக்கணினியில் கார் காப்பீடு தேடுகிறாள். திங்கள் விடியலில் முதியோர் இல்லத்தில் புது வேலை. அந்நேரம் பேருந்து கிடையாது. தொள்ளாயிரம் பவுண்டு காருக்கு ஓராண்டுக் காப்பீடாக இரண்டாயிரத்து இருநூறு கேட்கிறது திரை. "என் பேர்ல எடுத்தா கொறையும், உன்னையும் கூட ஓட்டுறவளா சேத்துக்கோடி," என்கிறாள் அம்மா நெரிஸ். "அதிகம் ஓட்டப்போறது யாருன்னு கேக்குதும்மா. பொய் சொன்னா, நாளைக்கு மோதினா சல்லிக்காசு வராது." "அப்ப வேலைக்கு வேற பேர் போட்டுப் பாரு." 'பணியாளர்' 'உதவியாளர்' ஆகிறது, பதினொரு பவுண்டு குறைகிறது. "அந்தக் காசுல ராத்திரிக்கு மீனும் உருளைக்கிழங்கு வறுவலும் ஆச்சு, போ!" என்கிறாள் அம்மா. இருவரின் சிரிப்பும் அடங்குகிறது. திரையில், அதிகம் ஓட்டப்போவது யார் என்ற அந்தக் கேள்வி அப்படியே நிற்கிறது. வாசலில், புது ஓட்டுநரின் பச்சை அட்டை ஒட்டிய கார் நனைகிறது. எலெரியின் உள்ளங்கையில் சாவி சூடேறுகிறது. உங்கள் வீட்டுப் பிள்ளைகள் புறப்படும் வேளையில் எந்த வழியும் அடைபடாதிருக்கட்டும்.