கஸ்டமர் என்றால் யார்?

“எனக்கு ஒரு சந்தேகம்” என்று ஸ்பானர் அண்ணன் மறுபடியும் கையைத் தூக்கினார்.

வெள்ளைப் பலகையில் எழுதிக்கொண்டிருந்த டேட்டாக்காரரின் கை நின்றது. காலையிலிருந்து இது நாலாவது.

“கேளுங்க.”

“ஒருத்தர் இடது சக்கரத்தை ஒரு கிளையில வாங்கறார், வலது சக்கரத்தை இன்னொரு கிளையில வாங்கறார். ரெண்டு இடத்துலயும் அரைக் கஸ்டமரா, இல்ல ஒரே இடத்துல முழுசா?”

விற்பனை மேடம் சிரிப்பை அடக்கத் தண்ணீர் குடித்தார். முதலாளி சிரிக்கவில்லை.

சக்கர நாற்காலி செய்யும் கம்பெனி அது. ஒரு தகரக் கொட்டகையில் தொடங்கியது, இன்று ஆறு கிளைகள். ஆறு கிளைக்கும் ஆறு பட்டியல். ஒரே ஆள் ஆறு விதமான பெயரில் இருந்தார். எல்லாத் தகவலையும் ஒரே இடத்துக்குக் கொண்டுவர, தன் கம்பெனிக்கென்றே அளவெடுத்துத் தைத்த மாதிரி ஒரு டேட்டா கட்டமைப்பு வேண்டும் என்று முதலாளி ஆசைப்பட்டார். டேட்டாக்காரர் ஏழு மாதம் உழைத்துக் கட்டிவிட்டார். பொத்தானை அமுக்க வேண்டியதுதான் பாக்கி. அதற்கு முன் ஒரே ஒரு வரி முடிவாக வேண்டும்: கஸ்டமர் என்றால் யார்?

அரை மணி நேர வேலை என்றுதான் பத்து மணிக்குக் கூடினார்கள். முதலாளி இரண்டே நிமிடத்தில் சொல்லியும்விட்டார்.

“நம்மகிட்ட புதுசா வாங்கி, பில்லுல பேர் இருக்கறவன்தான் கஸ்டமர். எவன்கிட்டயோ பழைய வண்டியை வாங்கிட்டு இங்க வந்து நிக்கறவன் கஸ்டமர் இல்ல. பொத்தானை அமுக்கின நிமிஷத்துலேருந்து கஸ்டமர் நம்பர் இல்லாம ஸ்டோரை விட்டு ஒரு ஆணிகூடப் போகக் கூடாது. காசு குடுத்தாலும் சரி.”

“சார், காலையிலேயே அந்த மாதிரி பதினோரு பேர் பட்டறை வாசல்ல காத்திருக்காங்க” என்றார் விற்பனை மேடம். “சக்கரம் தேஞ்சு, பிரேக் போயி... பாவம் சார்.”

“பழசு உருண்டுகிட்டே இருந்தா புதுசை எவன்மா வாங்குவான்? கம்பெனி வளர வேணாமா?”

மேடம் ஸ்பானர் அண்ணனைப் பார்த்தார். பட்டறையின் தலைமை மெக்கானிக் அவர்தான். இத்தனை வருஷமாக அந்தப் பழைய வண்டிகளுக்கு உயிர் கொடுத்து அனுப்பியவர். அவராவது வாயைத் திறக்க மாட்டாரா?

திறந்தார். “முதலாளி சொல்றது நியாயம். ரூல்னா ரூல்தான்மா.”

கல்நெஞ்சக்காரன் என்று டேட்டாக்காரர் நினைத்துக்கொண்டார். ஆனால் வேலை முடிந்ததே என்று பொத்தானை நோக்கிக் கையை நீட்டினார். அப்போதுதான் முதல் சந்தேகம் வந்தது.

“அப்பா பேர்ல பில்லு, உட்கார்றது மகன். இதுல யாரு கஸ்டமர்?”

நல்ல கேள்விதான். டேட்டாக்காரர் குஷியாக எழுந்து பலகையில் இரண்டு கட்டம் போட்டார். அம்புக்குறி இழுத்தார். வாங்குபவர் வேறு, பயன்படுத்துபவர் வேறு என்று இருபது நிமிடம் விளக்கினார்.

அண்ணன் பொறுமையாகத் தலையாட்டினார். “அந்த அப்பா செத்துட்டா?”

மூன்றாவது கட்டம். இன்னும் அரை மணி நேரம்.

“அக்கா தங்கச்சி ரெண்டு பேருக்கும் சேர்த்து ஒரே வண்டி. ஒருத்தி இன்னிக்கு, ஒருத்தி நாளைக்கு. கஸ்டமர் ஒண்ணா, ரெண்டா?”

பலகையில் இடம் போதாமல் சுவரில் தாள் ஒட்ட வேண்டியதாயிற்று. இதில் எரிச்சல் என்னவென்றால், கேள்வியைக் கேட்டுவிட்டுப் பதிலைக் கேட்காமல் மேஜைக்கு அடியில் கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார் அண்ணன்.

அரைக் கஸ்டமருக்கு வழி சொல்லி முடிப்பதற்குள் மணி ஒன்று.

“ஏன்யா, ஸ்பானர் பிடிக்கற கைக்கு எதுக்குய்யா இந்த ஆராய்ச்சி?” என்று முதலாளி பல்லைக் கடித்தார்.

“புரியாம தலையாட்டினா நாளைக்கு உங்களுக்குத்தானே சார் கஷ்டம்?”

‘பட்டறை ஆட்களுக்குத் தனிப் பயிற்சி தேவை. அடிப்படையிலிருந்து’ என்று டேட்டாக்காரர் குறித்துக்கொண்டு, அடிக்கோடும் போட்டார்.

“கடைசியா ஒண்ணு. வாங்கினவருக்குக் கால் சரியாகி நடந்து போயிட்டார்னா...”

“போனா போகட்டும்யா!” முதலாளி மேஜையில் அறைந்தார்.

அண்ணனின் கைபேசி ஒருமுறை அதிர்ந்தது. பார்த்தார். நாற்காலியைப் பின்னே தள்ளி எழுந்தார்.

“எனக்கு இனி சந்தேகமே இல்ல. அமுக்குங்க தம்பி.”

“நடந்து போனவருக்கு நான் இன்னும் பதிலே சொல்லலையே?”

“நல்லா இருக்கட்டும் தம்பி அவர். நீங்க அமுக்குங்க.”

அமுக்கினார். எல்லோரும் கை தட்டினார்கள். அண்ணன் தட்டியதுதான் உரக்கக் கேட்டது.

“எங்க, ஸ்டோரைக் காட்டுங்க பார்ப்போம்” என்றார் முதலாளி பெருமையாக.

ஸ்டோர் இருப்பு மட்டும் ஒரு வாரமாகவே புதுக் கட்டமைப்பில் ஏறிக்கொண்டிருந்தது. திரையில் விரிந்தது. இன்று காலை பத்து மணியிலிருந்து வெளியே போனவை: சக்கரம் இருபத்திரண்டு. பிரேக் ஒயர் பதினொன்று. யாருக்கு என்ற கட்டம் காலி.

முதலாளியின் முகம் சிவந்தது. “என்னய்யா இது?”

“பத்து மணிக்கே ரூல் வந்திருந்தா ஒரு ஆணி போயிருக்காது சார்” என்றார் ஸ்பானர் அண்ணன் பணிவாக. “ஒண்ணேகாலுக்குத்தானே வந்துச்சு.”

டேட்டாக்காரர் சுவரைப் பார்த்தார். பதினாறு கட்டம், நாற்பது அம்புக்குறி. மூன்றேகால் மணி நேரம்.

“ஒருத்தனையும் விடக் கூடாது!” முதலாளி அவர் பக்கம் திரும்பினார். “அந்தப் பதினோரு பேரோட பேரு, விலாசம் எல்லாம் இப்பவே எனக்கு வேணும். தேடுங்க!”

டேட்டாக்காரர் பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகினார்.

“எங்க சார் தேடறது? அவங்கதான் நம்ம கஸ்டமரே இல்லையே.”