நாற்பதாவது குவளை

"பையன் இருபத்தெட்டு, பொண்ணு பன்னிரண்டு. ஏன் டீச்சர், இந்த வட்டாரத்துல பொண்ணுங்களுக்குக் காது கேட்காமப் போறதே இல்லையா?"

கல்வி அதிகாரி மகோகா பதிவேட்டிலிருந்து தலை நிமிரவில்லை.

"வீட்டுக்குள்ள ஒளிச்சு வைக்கிறாங்க சார்," என்றார் தலைமை ஆசிரியை நஞ்சாலா. "ஊர் சிரிக்குமாம்."

"அந்த மாதிரி அப்பன்களை என்ன பண்ணலாம்?"

"கட்டி வச்சு உதைக்கலாம் சார்."

மகோகா சிரிக்கவில்லை.

நஞ்சாலாவின் கண் பதிவேட்டின் மேலேயே இருந்தது. நாற்பதுக்கு ஒன்று குறைந்தாலும் இந்தக் காது கேளாதோர் அரசுப் பள்ளியை மூடி, பிள்ளைகளை எண்பது கிலோமீட்டர் தள்ளி அனுப்பிவிடுவார்கள். பதிவேட்டில் நாற்பது இருந்தது. ஆனால் நெலிமாவைப் போன வாரம் அவள் அப்பா ஆடு மேய்க்கக் கூட்டிப் போய்விட்டார். பெயரை அடிக்கத்தான் நஞ்சாலாவுக்குக் கை வரவில்லை.

"தலையை எண்ணிடுவோம்," என்று எழுந்தார் அதிகாரி.

முற்றத்தில் கஞ்சி நேரம். அவர் விரலை நீட்டியதும் சமையல்காரி நபாலாயோ கரண்டியோடு பாய்ந்து வந்தாள்.

"ஐயய்யோ, பிள்ளைங்களை எண்ணுறதா? ஒண்ணு குறைஞ்சா உங்க ஆபீஸ் பெத்துத் தருமா? குவளையை எண்ணுப்பா!"

பிள்ளைகளை எண்ணக் கூடாது என்று எந்தச் சட்டத்திலும் இல்லை. இந்தப் புங்கோமா வட்டாரத்தில் பிறந்தவர்கள் அதைச் சட்டத்தில் தேடுவதும் இல்லை. மகோகா விரலை மடக்கிக்கொண்டு, வரிசையாக இருந்த கஞ்சிக் குவளைகளை எண்ணினார்.

"நாற்பது. சரியா இருக்கு."

நபாலாயோ வானத்தைப் பார்த்தாள். நஞ்சாலாவுக்குப் புரிந்துவிட்டது. வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், பள்ளி பிழைத்துவிடும்.

"இல்ல சார்." நஞ்சாலா ஒரு குவளையைத் தனியே எடுத்து வைத்தார். "ஒரு குவளை அதிகம். முப்பத்தொன்பது பேர்தான். நெலிமா போன வாரமே போயிட்டா."

"நாசமாப் போச்சு," என்று கரண்டியைப் போட்டாள் நபாலாயோ.

 மகோகா போய்த் தம் வண்டியின் கதவைத் திறந்தார். பத்து வயதுச் சிறுமி ஒருத்தி, புதுச் சீருடையில், தகரப் பெட்டியை அணைத்தபடி இறங்கினாள். முற்றத்தில் சைகையால் பேசிக்கொண்டிருந்த பிள்ளைகளை வாய் பிளந்து பார்த்தாள்.

"இவளைச் சேர்த்துக்கோங்க. இப்ப நாற்பது."

நஞ்சாலா அவர் கைகளைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "நீங்க நல்லா இருக்கணும் சார்! எங்க பள்ளிக்கூடத்தையே காப்பாத்திட்டீங்க. பாவம், இந்தப் பொண்ணை எந்த வீட்டுல பூட்டி வச்சிருந்தாங்க?"

மகோகா சிறுமியின் தலையில் கை வைத்தார்.

"என் வீட்டுலதான் டீச்சர்."