சீமாட்டிக்கு வெச்ச கடலை

ஆட்டுக்கு யாராவது ஃபேன் போடுவாங்களான்னு சிரிச்சா, நான் என்னத்தைச் சொல்றது? போட்டாங்க. மருமக ரூம்லேருந்து கழட்டிக் கொண்டு போய்ப் போட்டாங்க. நம்பாட்டி போங்க.

அந்த அம்மாவுக்குக் கொட்டகையம்மான்னு பேர் வந்ததே, வீட்டுல இருக்கறதைவிட ஆட்டுக் கொட்டகையில இருக்கற நேரம்தான் ஜாஸ்திங்கறதால. ஒருதரம் வீட்டுக்காரர் காய்ச்சல்ல படுத்துட்டாரு. "அடுப்புல வெந்நி இருக்கு, எடுத்துக் குடிங்க"ன்னு கொட்டகையிலேருந்தே குரல் குடுத்தாங்க மகராசி. அந்த மனுஷன் தட்டுத் தடுமாறி எழுந்து போய்ப் பாத்தா, அடுப்புல கொதிச்சது ஆட்டுக்குக் கடலை.

எல்லாம் சீமாட்டிக்காக. அதான் அவங்க செல்ல ஆடு. அது சினையானதும் எல்லாருக்கும் உத்தரவு போட்டாச்சு. அதை விரட்டக்கூடாது. மேடு ஏத்தக்கூடாது. பக்கத்துல நின்னு சத்தமாத் தும்மக்கூடாது. ரெண்டு வேளையும் வேக வெச்ச கடலை, வெல்லம் போட்டு. வயித்துல இருக்கறது நல்லாப் பெருக்கணும்ல? குட்டியை எடை போட்டுத்தானே விக்கணும்.

கடலையை வேக வெச்சுக் கொண்டு போய் வெக்கறது மருமக வேலை. கொட்டகையைக் கூட்டறதும் தண்ணி தூக்கறதும் அவதான். அவளும் நிறைமாசம். அது கிடக்கட்டும், நாம ஆட்டுக்கு வருவோம்.

பிரசவம் என்னமோ ரொம்ப சுலபம். தும்மின மாதிரி வந்து விழுந்துச்சு குட்டி. கையில எடுத்துப் பாத்தா பூனைக்குட்டி அளவுதான் இருக்கு. உடம்பு சில்லுன்னு கிடக்கு. நிக்க வரலை. மடியைத் தேடத் தலையைத் தூக்கக்கூடத் தெம்பில்ல.

கொட்டகையம்மா போட்ட கூச்சல்ல கால்நடை டாக்டரம்மா பாதிச் சாப்பாட்டுல எழுந்து ஓடி வந்தாங்க. குட்டியைத் துணியில சுத்திச் சூடு காட்டினாங்க. சீமாட்டிகிட்ட சீம்பாலைக் கறந்து, மெல்லிசுக் குழாய் வழியாக் குட்டி வயித்துக்குள்ள விட்டாங்க.

"பொழைக்குமா டாக்டர்?"

"பாக்கலாம்மா. ஈரல்ல சேமிப்பே இல்ல இதுக்கு."

தாய் சாப்பிடறதுலேருந்துதான், வயித்துல இருக்கற குட்டி கொஞ்சம் கொஞ்சமா எடுத்துத் தன் ஈரல்ல சேத்து வெச்சுக்குமாம். வெளிய வந்து முதல் பால் உள்ள போற வரைக்கும் உடம்புக்குச் சூடு குடுக்கறது அதுதானாம். கடைசி மாசத்துல தாய்க்கு வயிறு நிறையலேன்னா குட்டிக்கு எடையும் இருக்காது, ஈரல்லயும் ஒண்ணும் இருக்காதுன்னாங்க. சொல்லிட்டே சீமாட்டி முதுகைத் தடவினாங்க. எலும்பு கையைக் குத்துச்சு.

"இது பாதி வயித்துக்குத்தான் சாப்பிட்டிருக்கு."

அவ்வளவுதான். கொட்டகையம்மா நேராக் கொட்டகை காக்கற பெரியவர் மேல பாஞ்சாங்க. வேலைக்கு வெச்சது, பழைய துணி குடுத்தது, எல்லாத்தையும் சொல்லிக் காட்டினாங்க.

"புள்ளைத்தாச்சி வாயிலேருந்து பிடுங்கித் தின்னவன் மனுஷனாய்யா? இனிமே இந்தப் பக்கம் தலை காட்டாதே."

பெரியவர் தரையையே பாத்தாரு. "பசிச்சுதும்மா. நான்தான் தின்னேன்"னாரு. வாயில பேருக்கு ஒரு பல்லு. அந்த மனுஷன் வேளை தவறாமக் கடலை தின்னாராம்.

துண்டை உதறித் தோள்ல போட்டுக்கிட்டுக் கிளம்பினவரை, மருமக குறுக்க வந்து மறிச்சா.

"அவர் இல்ல அத்தை. நான்."

பாதியை சீமாட்டிக்கு வெச்சிட்டுத்தான் தின்னாளாம். பெரியவர் ஒருநாள் பாத்துட்டு, பாக்காத மாதிரி திரும்பிக்கிட்டாராம். மறுநாள்லேருந்து அவ உக்கார ஒரு சாக்கை மடிச்சுப் போட்டு வெச்சாராம்.

டாக்டரம்மா அவ கையைப் பிடிச்சுப் பாத்தாங்க. வளையல் வழுக்கிக்கிட்டு முழங்கைக்குப் போச்சு.

"வீட்டுல சாப்பாடு போடறதில்லையா?"

அதுக்குப் பதில் சொன்னது மாமியார். போடாம என்ன, கணக்கா அரை வயித்துக்குப் போடறதே தான்தானாம். வயித்துப் பிள்ளை பெருத்துட்டா பிரசவத்துல கஷ்டமாம், சின்னதா இருந்தா சுலபமா வந்துடுமாம். எல்லாம் அவ நல்லதுக்குத்தானாம்.

டாக்டரம்மா அந்தத் துணி மூட்டையைக் காட்டினாங்க.

"இதுவும் சுலபமாத்தான் வந்துச்சு."

கொட்டகையம்மா குட்டியைப் பாத்தாங்க. மருமக வயித்தைப் பாத்தாங்க. கண்ணு கலங்கிடுச்சு. மூக்கை உறிஞ்சிக்கிட்டே சொன்னாங்க:

"என் வீட்டுல, என் மூக்குக்குக் கீழ, ஒரு புள்ளைத்தாச்சி அரை வயிறும் கால் வயிறுமாக் கிடந்திருக்கா. எனக்குத் தெரியாமப் போச்சே."

மருமக அழுதுட்டா. டாக்டரம்மாவுக்கே மனசு இளகிடுச்சு. பெரியவர் துண்டை எடுத்துத் திரும்பவும் ஆணியில மாட்டினாரு.

கொட்டகையம்மா விறுவிறுன்னு வீட்டுக்குள்ள போனாங்க. சாப்பிடற இடத்தைத் துடைச்சாங்க. பெரிய தட்டா ஒண்ணு எடுத்து வெச்சாங்க. வாசலைப் பாத்துக் குரல் குடுத்தாங்க:

"ஏம்மா மருமகளே, அங்கயே நின்னு அழுதுட்டிருந்தா எப்படி? கடலையைத் தூக்கிட்டு உள்ள வா. இனிமே வயிறு முட்ட, என் கண்ணு முன்னாடிதான் சாப்பாடு. நிக்காதே, போய் சீமாட்டியை உள்ள பிடிச்சுக் கொண்டா."