புள்ளி இல்லாத போஸ்டர்

“ஒண்ணு விடாம தீர்த்துக் கட்டிட்டியேடா, பாவி.” தபால்காரர் மச்சினனின் சட்டைக் காலரைப் பிடித்துவிட்டார்.

“ஒரே ஒரு தடவைதான் மாமா அழுத்தினேன். மொத்தமா இப்படிப் போகும்னு நினைக்கலை” என்றான் மச்சினன். போட்டோ கடை அவனுடையது. அவன் கண் கம்ப்யூட்டர் திரையை விட்டு நகரவில்லை.

திரையில் ஒரு நாய்க்குட்டி, வெள்ளை வெளேரென்று. முந்தாநாள் காணாமல் போன குட்டிக்கு இருந்த ஒரே படம் அதுதான். நிஜத்தில் அதன் உடம்பெல்லாம் மிளகைத் தெளித்த மாதிரி கறுப்புப் புள்ளி. பெயரே ‘புள்ளி’தான்.

“தப்பு உங்க கேமரா மேல மாமா. உங்க கல்யாணத்துக்கு வாங்கினது, பதினஞ்சு வருஷம் ஆச்சு. வெளிச்சம் கொஞ்சம் கம்மியானா படம் பூரா மண்ணைத் தூவி வெச்சுடுது. அதைத் துடைக்கத்தான் இந்த சாஃப்ட்வேர். கேமரா போட்ட புள்ளி எது, நாயோட சொந்தப் புள்ளி எதுன்னு அதுக்கு எப்படித் தெரியும்? பழைய படமும் அதோட போயிடுச்சு.”

“உனக்குத் தெரியும்ல? அதே லட்சணத்துல இருநூறு போஸ்டர் அடிச்சு ஊரெல்லாம் ஒட்டிட்டு வந்து நிக்கறியே.”

காலையில் சுவரில் அதைப் பார்த்ததும்தான் தபால்காரர் லீவு சொல்லிவிட்டு சைக்கிளை இந்தப் பக்கம் திருப்பினார். ஊரில் எந்த நாயும் அவரைக் கண்டால் சும்மா இருக்காது. இருபது வருஷ சர்வீஸில் கிழிந்த பேன்ட்டுகளுக்குக் கணக்கே கிடையாது. அவரைப் பார்த்து வாலாட்டிய முதல் நாய், பத்து நாள் முன்பு சாலையோரத்தில் ஒருவனிடம் வாங்கிய புள்ளிதான். அது போனதிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை.

வானம் வேறு கறுத்துக் கிடந்தது. ஒரு மாதத்துக்குத் தண்ணீரே படக் கூடாது, பட்டால் குட்டிக்குச் சளி பிடித்துவிடும் என்று விற்றவன் படித்துப் படித்துச் சொல்லியிருந்தான்.

போஸ்டர் நன்றாகவே வேலை செய்தது. மதியத்துக்குள் மூன்று வெள்ளை நாய்கள் கடைக்கு வந்து சேர்ந்தன. மூன்றும் தபால்காரரைப் பார்த்துக் குரைத்தன. அதில் ஒன்று அவருடைய புது பேன்ட்டையும் பதம் பார்த்துவிட்டுப் போனது.

நாலாவதாக ஒரு வெள்ளைக் குட்டியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு பின் தெருத் தையல்காரம்மா வந்தாள்.

“இதுவும் இல்லம்மா. எங்களுது புள்ளி போட்ட நாய். போஸ்டர்ல இவன் அழிச்சுட்டான்.” தபால்காரர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் கையை ஆட்டினார்.

குட்டி துள்ளிக் குதித்து அவர் மடியில் ஏறி மீசையை நக்கியது. வால் நிற்கவே இல்லை. எந்த நாயும் தன்னிடம் இப்படி வராதே என்று அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மருந்துக்குக்கூட ஒரு புள்ளி இல்லை.

“இது எப்பம்மா கிடைச்சுது?”

“நேத்து எங்க வாசல்ல வந்து நின்னுச்சு சார். உடம்பு பூரா மை தெறிச்ச மாதிரி இருந்துச்சு. சோப்பு போட்டுக் குளிப்பாட்டினேன், போஸ்டர்ல இருக்கற மாதிரியே ஆயிடுச்சு.”