எறும்புக்கடி

செங்டூ நகரத்து அக்குபஞ்சர் மருத்துவமனையில் ஹாவ் குப்புறப் படுத்திருந்தார். காலையில் எழுந்தபோதே கழுத்து பிடித்துக்கொண்டிருந்தது. கழுத்தில் குத்தியிருந்த ஊசியை டாக்டர் ஷியா லேசாகத் திருகியதும், "ஐயோ, மெதுவா" என்று தலையணைக்குள் முனகினார்.

முதன்முறையாக வந்திருந்த மிளகாய்க் கடைக்காரி பக்கத்துக் கட்டிலிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"ரொம்ப வலிக்குதா அண்ணே?"

"கல்லைத் தூக்கி வச்ச மாதிரி கனக்குதும்மா. தோள் வரைக்கும் இழுக்குது."

"எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும்னு சுவத்துல எழுதி மாட்டியிருக்கே?"

"எழுதினவன் ஒருநாளும் இந்தக் கட்டில்ல படுத்திருக்க மாட்டான்."

"அப்ப எனக்கு வேணாம்ப்பா. முட்டிவலியோடவே இருந்துட்டுப் போறேன்." அவள் குனிந்து செருப்பைத் தேடினாள்.

ஷியா சிரிப்பை அடக்கிக்கொண்டு ஊசிகளை உருவினாள். ஹாவ் எழுந்து உட்கார்ந்து கழுத்தை இப்படியும் அப்படியும் திருப்பினார். நன்றாகவே திரும்பியது. ஆணியில் தொங்கிய வெள்ளை அங்கியை எடுத்து மாட்டிக்கொண்டு, அடுத்த கட்டிலுக்கு வந்தார்.

"காலை நீட்டும்மா."

அவள் சுவரையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அப்ப அதை எழுதினது?"

"நான்தான்" என்றார் ஹாவ். "இருபது வருஷத்துல இன்னிக்குத்தான் படுத்தேன்."